வான்கதவின் இருபுறமும்: வன்னிப் பெருநிலத்தில் அனர்த்த இடரும் மக்களின் நலிவும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களைப் பற்றிய அனர்த்த ஆய்வுகள் பெரும்பாலும் மழையிலிருந்தே தொடங்குகின்றன. எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, எந்தக் குளம் எத்தனை அடிக்கு உயர்ந்தது, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்ற வரிசையில் நகர்ந்து, நிவாரணப் பரிந்துரையோடு முடிந்துவிடுகின்றன. இக்கட்டுரையின் கேள்வி வேறு. ஒரே மழையில், ஒரே ஆற்றின் கரையில், ஒரு குடும்பம் பத்து நாளில் வீட்டைக் கழுவி உலையேற்றிவிடுகிறது. அடுத்த வளவுக் குடும்பமோ இரண்டு வருடமாகியும் எழும்பவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அனர்த்தவியலில் இக்கேள்விக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயது. 1976இல் ‘நேச்சர்’ இதழில் பில் ஓ’கீஃப், கென் வெஸ்ட்கேட், பென் விஸ்னர் ஆகிய மூவர் எழுதிய குறுங்கட்டுரை, இயற்கை அனர்த்தம் என்று நாம் சொல்வதில் இயற்கையின் பங்கு எவ்வளவு என்று கேட்டது. பிளெய்க்கி, கேனன், டேவிஸ், விஸ்னர் ஆகியோர் 1994இல் வெளியிட்ட நூல் அக்கேள்வியை ஒரு மாதிரியாக வளர்த்தது. ஒருபுறம் இயற்கை இடர், மறுபுறம் வரலாறும் அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்து மக்கள்மீது ஏற்றும் அழுத்தம்; இரண்டும் சந்திக்கும் இடமே அனர்த்தம் என்பது அதன் சாரம். 2003இல் சூசன் கட்டரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மாவட்டங்களுக்குச் சமூக நலிவுச் சுட்டெண் ஒன்றை உருவாக்கினர். இன்று நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவும் அந்தச் சுட்டெண்ணைப் பின்பற்றி வயது, வருமானம், கல்வி, வீட்டின் கட்டுமானம் ஆகியவற்றைக் கூட்டி வகுத்து ஒரு வரைபடத்தில் நிறமிடுகின்றன.

அந்த முறையை நான் நிராகரிக்கவில்லை. ஆனால் வன்னிக்கு அது போதாது. இங்கு நலிவை நிர்ணயிக்கும் காரணிகளில் மூன்று அந்த அட்டவணைகளில் ஏறுவதில்லை: நீர் ஓடும் வழியில் ஒரு குடும்பம் எங்கே குடியிருக்கிறது, அந்த நிலத்துக்கு அதனிடம் என்ன பத்திரம் இருக்கிறது, அந்த நீரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அதன் சார்பில் யார் இருக்கிறார்கள். இம்மூன்றும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். மன்னார் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் வரலாற்று வன்னியைச் சேர்ந்ததுதான்; பெரிதும் கனகராயன் ஆற்றின் நீரோட்டத்தை ஒட்டியே பேசவேண்டியிருப்பதால் அதை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

2. நிலமும் நீரும்

வன்னி உலர் வலயம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான வாடைக் காலத்தில் விழுகிறது. அதிலும் கணிசமான பங்கு வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களால் ஒருசில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே வெள்ளமும் வரட்சியும் இங்கு இரு வேறு பிரச்சினைகள் அல்ல. தாழமுக்கம் ஒன்று இரண்டு நாள் நிலைத்து நின்றால் வயல் மூழ்கும். அது வராமல் விலகிப்போனால் அடுத்த சிறுபோகம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் குளம் நிற்கிறது.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பி, எஞ்சிய நீரோடு சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. பேராறு முத்தையன்கட்டுக்கு நீர் தந்து நந்திக்கடலை நோக்கிப் போகிறது. பாலியாறு வவுனிக்குளத்தைத் தாண்டி மேற்குக் கடலில் விழுகிறது. வவுனியாவில் பெருங்குளங்களை விடச் சிறுகுளங்களே முக்கியம். ஒரு குளத்தின் வான் பாய்ந்த நீர் அடுத்த குளத்துக்குப் போய், அங்கிருந்து மற்றதற்குப் போகும் தொடர் அமைப்பை சி. எம். மத்தும பண்டார 1985இல் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கமக்காரர் அதை எப்போதோ அறிந்து வைத்திருந்தனர். மேலேயுள்ள குளத்தின் அலைகரையை யாராவது அடைத்தால் கீழேயுள்ள ஊர் தட்டிக்கேட்கும். போரில் ஊர்கள் வெறுமையான பிறகு, தட்டிக்கேட்க ஆளில்லாமற் போனது. சிறுகுளங்கள் தூர்ந்ததற்குக் காடு வளர்ந்ததை மட்டும் காரணமாகச் சொல்லும் அறிக்கைகள் இந்தச் சமூக உறவின் முறிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

கிழக்குக் கரையில் முகத்துவாரங்கள் உள்ளன. நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் மாரியில் நிரம்பும்போது மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடவேண்டும். கரையோர வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வர். இறாலும் மீனும் வளரவேண்டுமென்று மீன்பிடித் தொழிலாளர் பொறுக்கச் சொல்வர். எந்த நாளில் வெட்டுவது என்பதைத் தீர்மானிக்க இரு சாராரும் அறிந்த வழக்கம் உண்டு. அந்த வேலை எத்தனை ஆபத்தானது என்பதை 2025 நவம்பர் இறுதியில் நாடு கண்டது. டித்வா புயல் வெள்ளத்தில் சுண்டிக்குளம் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்த கடற்படையினர் ஐவர் உயிரிழந்தனர்.

3. இரணைமடு, 2018 டிசம்பர்

வன்னியின் அனர்த்த வரலாற்றில் ஆய்வாளர் அதிக நேரம் செலவிடவேண்டிய நிகழ்வு எதுவென்று கேட்டால், 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய வெள்ளத்தையே சொல்வேன். உயிரிழப்பில் அது பெரிதன்று. ஆனால் வன்னியில் இடர் எப்படி உருவாகிறது என்பதை அதுபோல் தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை.

இரணைமடுவின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. பின்னர் சில கட்டங்களாக உயர்த்தப்பட்டது. அதன் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. போருக்குப் பின், வெளிநாட்டு நிதியுதவியோடு நடந்த புனரமைப்பில் முழுக் கொள்ளளவு 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. 2018 டிசம்பர் முதல் வாரத்தில் ஜனாதிபதி வந்து அதனை மக்களிடம் கையளித்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் ஓரிரவில் கடும் மழை கொட்டியது. குளம் ஏற்கெனவே நிறைந்த நிலை. மேலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவந்த நீரை ஏற்க இடமில்லை. வான்கதவுகள் திறக்கப்பட்டன. முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளை முதலான தாழ்நிலக் கிராமங்களுக்குள் நீர் புகுந்தது. மக்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைகளுக்கு ஓடினார்கள். ஆடு மாடுகள் கட்டையிலேயே செத்துக் கிடந்தன.

கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி உடனே எழுந்தது. வடக்கு மாகாண ஆளுநர் விசாரணைக்குப் பணித்தார். பொறியியலாளர் தரப்பு தன் நியாயத்தைச் சொன்னது. பாதிக்கப்பட்டோர் தம் நியாயத்தைச் சொன்னார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. குளக்கட்டில் நிற்கும் ஒரு பொறியியலாளர் டிசம்பர் நடுப்பகுதியில் எத்தகைய நிலையில் வைக்கப்படுகிறார் என்பதே நமக்கு வேண்டியது.

அவர் முன்னால் அளவுகோல் இருக்கிறது. நீர் 35 அடியைத் தாண்டிவிட்டது. மழை இன்னும் வருமென்று முன்னறிவிப்பு சொல்கிறது, வராமலும் போகலாம். இப்போதே ஓரடி நீரைத் திறந்துவிட்டால் கீழே வெள்ளம் மெல்ல மெல்லப் போகும், யாரும் சாகமாட்டார்கள். ஆனால் அதன்பின் மழை பொய்த்தால், அந்த ஓரடி நீர் சிறுபோகத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரின் தலைவிதி. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிப்பது குளத்தில் நிற்கும் அடிதான். 2016, 2017 வரட்சியில் நிலம் வெடித்துக் கிடந்ததைக் கண்ட கமக்காரர், ‘ஏன் தண்ணியைக் கடலுக்கு விட்டனீங்கள்?’ என்று அவரைத்தான் கேட்பார்கள். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து நின்ற காலத்திலிருந்தே அங்குள்ள ஒவ்வொரு அடி நீரும் உரிமைப் பிரச்சினையாகிவிட்டது. குளம் நிறைந்து தளும்புவது வெற்றி; முன்கூட்டித் திறப்பது இழப்பு. இத்தகைய சூழலில் கதவைக் கடைசி வரை மூடி வைத்திருக்கும் போக்கு எந்தத் தனிமனிதரின் குணமும் அன்று. அது அந்த ஏற்பாட்டின் விளைவு.

இங்கேதான் கூட்டத்தில் யாருக்கு ஆசனம் என்ற கேள்வி வருகிறது. குளத்து நீரைப் பங்கிடும் கூட்டங்களில் நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது, கமநல சேவை நிலையங்கள் இருக்கின்றன, கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. பாசனக் காணி உள்ளவர்களுக்கு அங்கே குரல் உண்டு. அது நீண்ட போராட்டத்தில் அவர்கள் பெற்ற உரிமை, மதிக்கவேண்டியது. ஆனால் ஆற்றின் கரையோரத்தில், வாய்க்காலுக்கும் வீதிக்கும் இடையில், வயலில்லாமல் கூலிக்குப் போகும் குடும்பம் அந்தக் கூட்டத்தில் இல்லை. சுண்டிக்குளம் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் இல்லை. கதவு மூடியிருப்பதால் வரும் பயன் ஒரு சாராருக்கு. கதவு திடீரெனத் திறப்பதால் வரும் இடர் பெரும்பாலும் இன்னொரு சாராருக்கு. நீர்மட்டத்தை மணிக்கு மணி பதிவுசெய்யும் நாம், இந்தப் பங்கீட்டை எங்கும் பதிவுசெய்யவில்லை.

நீரும் அணையும் வன்னியில் இயற்கைக்கு மட்டும் உட்பட்டவையல்ல என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு, 2009 ஜனவரியில் போரின் நடுவே கல்மடுக்குளத்தின் அணைக்கட்டு உடைக்கப்பட்டது. அந்த வெள்ளம் எந்த அனர்த்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

4. நலிவின் படிவுகள்

4.1 இடப்பெயர்வு

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இடம்பெயர்ந்து தரப்பாள் கொட்டில்களில் இருந்தார்கள். அந்த வெள்ளத்தில் அவர்கள் இழந்தவை, அதற்கு முன் கைவிட்டு வந்தவற்றில் எஞ்சியவை. ஆறு மாதம் கழித்து, போர் முடிந்தபோது, அதுவும் போயிற்று. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் அதைச் சுற்றியும் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அதே ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000.

மீள்குடியேறியவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. மேசன் கூலியும் சீமெந்து விலையும் ஏறிய காலத்தில் பலருக்கு அத்திவாரத்திலேயே பணம் இறுகியது. தாழ்நிலத்தில் வீடு கட்டுபவர் அத்திவாரத்தை மேலும் இரண்டடி உயர்த்த விரும்பினால், அது அவர் கடன். உயர்த்தியவர் இன்று வெள்ளத்துக்குத் தப்புகிறார், கடனுக்குத் தப்பவில்லை. உயர்த்தாதவர் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப்போயிருக்கிறது. நிலத்திலிருந்து அக்கோடுகள் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்தாலே ஒரு கிராமத்தின் பதினைந்தாண்டு வெள்ள வரலாறு கிடைக்கும். அதற்கு ஓர் அளவுநாடா போதும். சுவருக்கு வெள்ளை அடிக்கும் முன் போகவேண்டும், அவ்வளவே.

4.2 காணிப் பத்திரம்

வன்னியில் பெரும்பாலான நிலம் அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம்தான் பெரும்பாலானோரின் உரித்து. அச்சட்டத்தின் வாரிசு ஒழுங்கில் ஆண் பிள்ளைக்கு முதலிடம் இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. போரில் கணவனையும் மூத்த மகனையும் இழந்த பெண்கள் நிறைந்த மாவட்டங்களில் அந்த ஒழுங்கு எண்பதாண்டுகளுக்கு மேல் நின்று செய்த கேட்டை இன்னும் யாரும் முழுமையாக எழுதவில்லை.

பத்திரமே இல்லாதவர்கள் வேறு. 1958, 1977, 1983 வன்செயல்களாலும் எழுபதுகளின் பட்டினியாலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் எழுபதுகளின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குத் துணைநின்றது. ஆனால் பாசனக் காணிகளும் மேட்டுக் காணிகளும் குடியேற்றத் திட்டங்களில் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருந்தன. பிந்தி வந்தவர்களுக்குக் கிடைத்தவை ஒதுக்குக் காணிகளும் வாய்க்கால் ஓரங்களும் குளத்தின் கீழ்ப்பள்ளங்களும். இன்று வெள்ள வரைபடத்தையும் குடியேற்ற வரலாற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், நீர் முதலில் ஏறும் குடியிருப்புகள் பலவற்றில் இவர்களின் மூன்றாம் தலைமுறை இருப்பதைக் காணலாம். சாதியும் பிறந்த இடமும் நில உயரமாக மாறியிருக்கின்றன. தமிழ்ச் சமூகம் தன்னைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லத் தயங்குகிறது. ஆய்வாளர் தயங்கக்கூடாது.

பத்திரமில்லாவிடில் வீட்டுத்திட்டம் இல்லை. வங்கிக் கடன் இல்லை. வயல் அழிந்தால் நட்டஈட்டுப் படிவத்தில் பெயரில்லை. குத்தகைக்கு வயல் செய்பவர் நிலையும் ஏறத்தாழ இதுதான். காணிக்காரர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்க, விதைத்து உரமிட்டவர் இங்கே வெள்ளத்தில் நிற்கிறார். அழிவு ஒருவருக்கு, ஆவணம் இன்னொருவருக்கு.

4.3 கடன்

2012/13 வருமான செலவுக் கணக்கெடுப்பில் வறுமை மிகுந்த மாவட்டம் முல்லைத்தீவு, 28.8 வீதம். 2016இல் அந்த இடத்துக்குக் கிளிநொச்சி வந்தது, 18.2 வீதம், அப்போது தேசிய அளவு 4.1 வீதம். இந்த எண்கள் இறங்கியதை முன்னேற்றம் என்று எழுதலாம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் நுண்கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாக வந்து, வாரத்துக்கு வாரம் வாசலில் நின்றன. 2018இல் அரசு வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன் நிலுவைகளை நீக்க முன்வந்தது. வரட்சிக்கும் கடனுக்கும் உள்ள உறவை அரசே ஒப்புக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது. அந்த டிசம்பரில் வந்த வெள்ளம் புதிய கடன்களுக்கு வழி திறந்தது.

5. சட்டமும் நிறுவனமும்

2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவு நகரைத் துடைத்தெறிந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். அந்த அழிவிலிருந்துதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும், மாவட்ட அலகுகளும் பிறந்தன. அதே ஆண்டு ஜூனில் வடக்கு கிழக்கு நிவாரணத்தைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பிரிவுகளை உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைநிறுத்தியது. முல்லைத்தீவுக் கரையில் அதன்பின் எழுந்த வீடுகளை 2009இன் போர் அழித்தது. ஆகவே தெற்குக் கரையில் ‘மீண்டெழுதல்’ என்று பேசப்படும் பதினைந்து, இருபது ஆண்டுக் கதை இங்கே நடுவில் அறுந்தது. இரு கரைகளையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடுவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. எச்சரிக்கை

எச்சரிக்கை என்பது செய்தி மட்டுமல்ல; அதை நம்பி வீட்டைவிட்டு இறங்கும் துணிவும் சேர்ந்தது. வன்னியில் 2009ஐக் கடந்த ஒருவருக்கு, வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போகச் சொல்லும் ஒலிபெருக்கிக் குரல் வேறு நினைவுகளையும் கிளறும். ஆடு மாட்டை யாரிடம் விடுவது, வீட்டுச் சாமான் திரும்பும்போது இருக்குமா என்ற கேள்விகள் அவருக்குப் பட்டறிந்தவை. கடைசி நேரம் வரை இறங்காமல் இருப்பவரை ‘விழிப்புணர்வு அற்றவர்’ என்று எழுதிவிடுவது எளிது. அது தவறு.

மொழியும் உண்டு. 2025 நவம்பர் 27, 28இல் டித்வா நாட்டைத் தாக்கி 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, அரச எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வருகின்றன, சில வருவதேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அந்த வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா. 2020 டிசம்பர் 2இல் புரெவி புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடந்த காலத்திலும் அதற்குப் பின்னும், எந்தத் திகதியில் எந்தப் பிரதேசத்தில் மழை கூடும், கமக்காரரும் மீனவரும் என்ன செய்யவேண்டும் என்று அவர் தமிழில் எழுதும் குறிப்புகளை கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டே நெல் அறுக்க நாள் குறிப்போர் உண்டு. பல்கலைக்கழக அறிவு மக்களிடம் நேரே போய்ச் சேர்ந்ததற்கு வடக்கில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாகாணத்தின் எச்சரிக்கை ஓர் ஆசிரியரின் அர்ப்பணிப்பில் தங்கியிருப்பது ஆபத்தான ஏற்பாடு. டித்வாவில் பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தபோது அந்தக் குறிப்புகளும் போய்ச்சேர வழியில்லாமற் போயிற்று. பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதிப் பாலம் உடைந்து, இந்திய இராணுவப் பொறியியலாளர் 120 அடிப் பெய்லி பாலம் அமைத்துக் கொடுக்கும் வரை போக்குவரத்தும் அவதியுற்றது. கோபுரமும் பாலமும் இல்லாத இரவில் கிராமத்துக்குள் செய்தி கொண்டுபோவது யார் என்ற கேள்விக்குப் பழைய விடைகள் இருந்தன: கோயில் மணி, மீனவர் சங்கத்து ஒலிபெருக்கி, சைக்கிளில் வரும் குளக்காவலர். அவற்றை இன்றைய திட்டத்தில் சேர்த்தெழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. பல்கலைக்கழகம் நிற்கும் இடம்

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. இரணைமடு அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகி பம்பைமடுவில் நிற்கிறது. வேறு பல நாடுகளில் அனர்த்த ஆய்வாளர் களத்துக்கு விமானத்தில் போகிறார். இங்கே அவர் காலையில் விரிவுரைக்கு வரும் வீதியே களம். மாணவரில் பலர் 2009இல் குழந்தைகளாகப் பதுங்குகுழியில் இருந்தவர்கள். இந்த நெருக்கம் பெரும் வளம்.

அதே நெருக்கம் ஒரு கடமையையும் சுமத்துகிறது. கேள்விக்கொத்தோடு முரசுமோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகும் இறுதியாண்டு மாணவரை எண்ணிப் பார்ப்போம். முற்றத்தில் பாயில் நெல் காய்கிறது. அம்மா கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணி தருகிறார். பிறகு சொல்வார்: ‘தம்பி, போன வருசமும் ரெண்டு பிள்ளையள் வந்து உதே கேள்வியைத்தான் கேட்டவை. எழுதிக்கொண்டு போனவை. பிறகு ஒண்டும் தெரியாது.’ அதற்கு அந்த மாணவரிடம் பதில் இராது. அடுத்த கேள்வி: ‘வீட்டுத் தலைவரின் மண நிலை என்ன?’ மணமானவர், விதவை, பிரிந்து வாழ்பவர் என்று மூன்று பெட்டி. 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரைப் படையினரிடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவார்? கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டத்தை அறிந்த ஆசிரியர் ஒருவர், அந்தப் படிவத்தை மாணவர் கையில் கொடுத்தனுப்பக்கூடாது. ‘விதவை’ என்று அவரைக் குறித்துவிட்டால் அது தரவுப் பிழை மட்டுமன்று, ஒரு காயம். குறிக்காமல் விட்டால் நிவாரணக் கணக்கில் அவர் விழுந்துபோவார்.

துறைகளுக்கிடையிலான சுவரும் இடரே. பொறியியலாளர் நீரேந்து பரப்பை வரைகிறார், அதில் மனிதர் இல்லை. சமூகவியலாளர் கிராம அலுவலர் பிரிவுவாரியாகக் குடும்பங்களை எண்ணுகிறார், அதில் ஆறு இல்லை. வெள்ளம் கிராம அலுவலர் பிரிவின் எல்லையை மதிப்பதில்லை. வவுனியாவில் காடழிந்தால் கண்டாவளையில் வெள்ளம் உயரும். மாவட்ட அலகுகள் அந்தந்த மாவட்டத்துக்குள் நின்று திட்டமிடுகின்றன. கனகராயன் ஆற்றுக்கென்று ஒரு மேசை எங்குமில்லை. அந்த மேசையைப் போடும் தகுதி, மூன்று மாவட்டங்களிலும் வேரும் எந்தத் திணைக்களத்துக்கும் கட்டுப்படாத சுதந்திரமும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கே உண்டு.

8. செய்யவேண்டிய ஆய்வு

முதலாவது, கனகராயன் ஆற்றின் இரு கரையிலும், இரணைமடு அணைக்கட்டிலிருந்து சுண்டிக்குளம் வரை, அனுமதிப்பத்திரம் உள்ள, இல்லாத எல்லா வீடுகளையும் ஒரே வரைபடத்தில் குறிப்பது. தரைமட்டம், அத்திவார உயரம், சுவரில் நின்ற வெள்ளக் கோடு மூன்றும் அதில் இருக்கவேண்டும். பத்திரமற்றவர்களின் விவரம் வெளியேற்றத்துக்குப் பயன்பட்டுவிடக்கூடாது என்பதால், பெயரின்றி, அவர்களின் சம்மதத்தோடு மட்டுமே.

இரண்டாவது, வான்கதவுகள் இத்தனை அடிக்குத் திறந்தால் நீர் பன்னங்கண்டிக்கு எத்தனை மணி நேரத்தில், முரசுமோட்டைக்கு எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற கணக்கு. பொறியியற் பீடத்தின் இறுதியாண்டுத் திட்டமாகவே இதைச் செய்யலாம். விடை ஆங்கில ஆய்விதழில் வருமுன், ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகச் சுவரிலும் தமிழில், ஒக்டோபருக்கு முன்னர் ஒட்டப்படவேண்டும்.

மூன்றாவது கடினமானது. முன்கூட்டி நீரைத் திறந்ததால் சிறுபோகம் குறைந்தால் அந்தக் கமக்காரருக்கு நட்டத்தை யார் ஈடுசெய்வது? அந்த உறுதி இருந்தால்தான் பொறியியலாளர் கதவை நேரத்தோடு திறப்பார். காப்புறுதியா, அரச நிதியா, கீழ்நிலத்தாரின் பங்களிப்பா என்று பொருளியல் துறையினர் கணக்கிட்டுச் சொல்லவேண்டும். அந்தக் கணக்கு வைக்கப்படும் கூட்டத்தில் கமக்காரர் சம்மேளனத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கூலிக் குடும்பங்களுக்கும் சுண்டிக்குளத்து மீனவருக்கும் கதிரை போடப்படவேண்டும். நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கும்போது கதவைத் திறப்பது என்பதை அவர்களும் சேர்ந்து, மழைக்கு முன்னரே எழுதி வைக்கவேண்டும்.